ஓசூர் குடோனில் கிடந்த எஞ்சின்

குளச்சல் சந்தையில் சாளை மீன் மலிந்து, கூறு வைத்தும் வாங்க ஆளில்லாமல் கிடந்த ஓர் ஆவணி மாதக் காலையில், ஷாஹினாஸ் ஒரு ஜீப்பின் டீசல் எஞ்சினைக் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டைக் கடந்து பார்சல் ஆபீசுக்குப் போனாள். எதிரே வந்த மினி பஸ் நின்று அவளுக்கு வழிவிட்டது. புக்கிங் எழுதும் குமாரதாஸ், நெற்றியில் இட்ட திருநாமம் வியர்வையில் கரையாதிருக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தவர், எஞ்சினைத் தராசில் வைக்கச் சொன்னார். மடித்து வைத்த ஒரு பழைய சேலைக்கு உரிய எடையைத் தராசு காட்டியது. அவர் தராசைத் துடைத்தார். தன் சோற்றுப் பாத்திரத்தை வைத்து எடுத்துப் பார்த்தார். தராசில் கோளாறு இல்லை என்று கண்டதும், ஆகக் குறைந்த கட்டணத்துக்கு ரசீது போட்டார். சரக்கு என்ற இடத்தில் எஞ்சின் என்றும், எடை என்ற இடத்தில் தராசு சொன்னதையும் எழுதினார். இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை.

அவளுடைய கணவன் முஹம்மது ஷரீஃப், ஷார்ஜாவில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் பகுதியில் இளமை முழுவதையும் எஞ்சின் தூக்கிக் கழித்தவன். கொரோனா வந்த வருடம் முதலாளி கடையை மூடினார். ஷரீஃப் ஒரு பெட்டியோடும் நிமிர முடியாத முதுகோடும் ஊர் திரும்பினான். தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பதால், குளச்சலில் இருந்து மணவாளக்குறிச்சி போகும் சாலையில் வீட்டை ஒட்டிக் கிடந்த இடத்தில் தகரக் கூரை போட்டுப் பழைய பார்ட்ஸ் கடை வைத்தான். மலையாளக் கரையில் இருந்தும் திருநெல்வேலியில் இருந்தும் விபத்தில் சிக்கிய வண்டிகளை வாங்கிப் பிரித்தான். கடல் காற்றில் இரும்பு ஒரே இரவில் துருப் பூத்துவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் எஞ்சின்களுக்கு எண்ணெய் துடைப்பது வீட்டு வழக்கமாயிற்று. பொருள் நல்ல பொருள். அது வேண்டியவர்கள் எல்லாரும் வடக்கே இருந்தார்கள் என்பதுதான் சங்கடம். தேனியில் இருந்தும் கரூரில் இருந்தும் போன் வரும். போட்டோ அனுப்பினால் பிடித்துவிடும். விலையும் ஒத்துவரும். லாரி வாடகையைச் சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள்.

அவன் எல்லா வழியும் பார்த்தான். எண்ணெயை முழுக்க வடித்து, ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்து, மரச்சட்டத்துக்குப் பதில் பழைய டயருக்குள் எஞ்சினைச் செருகிக் கட்டினான். டயர் எடை கூடாது, இடித்தாலும் தாங்கும். வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரிகளை ஆரல்வாய்மொழி செக்போஸ்ட்டில் நின்று மறித்தான். ஹெட்டைத் தனியாகவும் பிளாக்கைத் தனியாகவும் கழற்றி இரண்டு பஸ்களின் டிக்கியில் ஏற்றினான். ஒன்று போய்ச் சேர்ந்தது, மற்றது மதுரையில் இறங்கிவிட்டது. என்ன செய்தாலும் இரும்பு தன் எடையில் ஒரு கழஞ்சும் குறைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆவணி மாதத்துக் காலையில் லோடு ஏற்றும் சிலுவைமுத்து வரவில்லை. அவன் ஊரில் கோயில் கொடியேற்று. ஷரீஃப்பின் முதுகு பிடித்துக்கொண்டு அவன் தரையில் மல்லாந்து கிடந்தான். தேனிக்குப் போகவேண்டிய ஜீப் எஞ்சின் கட்டி முடித்து வாசலில் இருந்தது. ஷாஹினாஸ் அதன் முன்னால் குத்தவைத்து இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். அழுகிற பிள்ளையோடு நிற்கும் பெண்ணிடம் பேசுவதுபோல, ஓய்ந்த குரலில் சொன்னாள்:

“இச்சிரி நேரம் அத எங்கிட்ட தா. நீ போய்ச் சேருத வரைக்கும் நான் வச்சிரிக்கேன்.”

எஞ்சின் கொடுத்துவிட்டது. எடை இரும்பை விட்டு அப்போதே போயிற்று. அவளுக்கு அது வந்து சேர மாலையாயிற்று. இடையில் அது எங்கே இருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. சாயங்காலம் அடுப்பின் முன்னால் நின்றவள் கால் கனத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பலகை இரண்டாகப் பிளந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் தரையிலேயே இருந்தாள். தேனி மெக்கானிக் எஞ்சினை லாரியில் இருந்து ஒரு கையால் எடுத்துத் தோளில் வைத்து, இனி என் வண்டி ஓடிவிடும் என்று சொன்ன நொடியில் எடை இரும்புக்குத் திரும்பியது. அவன் கால் கட்டைவிரல் நசுங்கியது. குளச்சலில் ஷாஹினாஸ் எழுந்து குளிக்கப் போனாள். மெக்கானிக் போன் செய்து சண்டை போடவில்லை. இவ்வளவு குறைந்த வாடகையில் எப்படி அனுப்பினீர்கள், இன்னொரு கியர்பாக்ஸ் வேண்டும், அதையும் அதே மாதிரி அனுப்புங்கள் என்றான்.

அதற்குப் பிறகு ஷரீஃப் சரக்கு அனுப்பும் ஒவ்வொருவரிடமும், தரையில் வைத்துவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லப் பழகினான். தொழில் பெருகியது. கியர்பாக்ஸ், ஆக்ஸில், எஞ்சின் எல்லாம் துணிக்கட்டின் வாடகையில் வடக்கே போயின. அக்கம்பக்கத்தாரும் கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டு நேசபாய் தன் மகளுக்காகப் பழைய பிரிட்ஜைக் குலசேகரத்துக்கு அனுப்ப நினைத்தபோது, ஷாஹினாஸ் கை வைத்துக் கொடுத்தாள். நேசபாய் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஒருவர் கிணற்று மோட்டார் கொண்டுவந்தார், ஒருவர் மாவாட்டும் கல். வேண்டாம் என்று சொல்ல ஷாஹினாஸுக்கு வாய் வராது. ஷரீஃப் வீட்டுத் தரையில் விரிசல் விட்ட ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, கடையின் ஓரத்தில் லாரி நின்றாலும் தாங்கும்படி காங்கிரீட் தளம் போட்டான். சரக்கு வழியில் இருக்கும் நாட்களில் அவள் அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், மீன் கழுவினாள், தொழுதாள். பார்க்க அவள் பழைய ஷாஹினாஸ்தான். சதை ஏறவில்லை, முகம் வீங்கவில்லை. வளையல்கூடத் தளர்வாகத்தான் இருந்தது.

எடையோடு வழியும் அவளுக்கு வந்தது. லாரி ஆரல்வாய்மொழி தாண்டும்போது அவள் பக்கவாட்டில் காற்று அடித்தது. கயத்தாறில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினால் அவள் முதுகு கொஞ்சம் ஆறியது. கரூரில் இருந்து ஆட்கள் போன் செய்து எங்கள் சரக்கு எங்கே என்று கேட்டால், ஷரீஃப் போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்ப்பான். “திருமங்கலம் தாண்டியாச்சு. ரோடு ஒடஞ்சு கெடக்கு, பைய போறான்” என்பாள். அது தப்பியதே இல்லை. வலிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. அவன் கெட்டவன் அல்ல. முதுகில் இரும்பு சுமந்தே பழகியவனுக்கு, பாரம் யார் முதுகிலாவது இருக்கத்தான் செய்யும் என்ற நினைப்பு. நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த சரக்கைக் கட்டுவான். அவள் உம்மா கதீஜா உம்மாள் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்தார். பெருநாளைக்குப் பெருநாள் போகிற ஊர், பிறகு எப்போதாவது போகிற ஊராயிற்று. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை நடக்கும் நாட்களில் லாரிகளைத் திருப்பிவிடுவார்கள், சரக்கு தாமதிக்கும், அந்த வருடங்களில் அவள் அந்தியில் மகரிபு தொழுகைக்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் நேசபாய்தான் கேட்டாள். மீன் கொடுக்க வந்தவள், ஷாஹினாஸ் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்துவிட்டு, கடைக்குள் போய் ஷரீஃப்பின் முன்னால் நின்றாள்.

“ஷரீஃப் தம்பி, லாரிக்காரன் சாப்பிட நிறுத்துவான், தூங்க நிறுத்துவான். இவ எங்க நிறுத்துவா?”

“என்ன அக்கா செய்ய, ஆர்டர் வந்துட்டுல்லா” என்றான் அவன். அவனுக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

அந்த வருடம் புரட்டாசியில் ஓசூரில் இருந்து ரதீஷ் என்பவன் ஒரு பழைய பஸ் எஞ்சினைக் கேட்டான். ஊர்க்காரன்தான், மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து போய் அங்கே ஸ்கூல் வேன்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவ்வளவு பெரிய எஞ்சினை அவர்கள் அதற்கு முன்பு அனுப்பியதில்லை. ஷாஹினாஸ் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். “இது கூடுதலாக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை வைத்தாள். லாரி ஓசூருக்குப் போயிற்று. எஞ்சின் பார்சல் குடோனில் இறங்கியது. எடுக்க ஆள் வரவில்லை. ரதீஷின் போன் முதலில் அடித்தது, பிறகு அணைந்தது. குமாரதாஸ் விசாரித்துச் சொன்னார், அவன் கடையை மூடிவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டானாம். எஞ்சின் குடோனின் மூலையில் கிடந்தது. அதன் எடை குளச்சலில் இருந்தது.

ஐப்பசி மழை முடிந்தது, கார்த்திகையும் போயிற்று. ஷாஹினாஸ் காங்கிரீட் தளத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து குளியலறைக்குப் போய்வர மதியம் லுஹர் தொழுகையில் இருந்து சாயங்காலம் அஸர் தொழுகைவரை ஆகும். நேசபாய் சோறு வடித்துக் கொண்டுவந்தாள். ஓடுகிற பாரம் பரவாயில்லை என்று ஷாஹினாஸ் அவளிடம் சொன்னாள், காற்று வரும், பாலம் வரும், நாளைக்கு ஊர் வரும். இது எங்கேயும் போகவில்லை. குடோன் கூரை ஒழுகுகிறது, இடது தோளில் சொட்டுகிறது. மதியமானால் யாரோ அதன்மேல் தலை வைத்துத் தூங்குகிறார்கள். ஷரீஃப் புதிய சரக்குகளை நிறுத்திவைத்தான். எஞ்சினைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஓசூர் ஆபீசுக்கு எழுதினான். அவர்கள் வாங்க வேண்டியவரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வாங்க வேண்டியவனோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

மார்கழியில் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து தகவல் வந்தது. கதீஜா உம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், மகளைக் கேட்கிறார். ஷரீஃப் அன்று ஓடாத இடமெல்லாம் ஓடினான். கல் ஏற்றும் டிப்பர் ஒன்றைப் பேசினான். அவளைத் தூக்கி வைக்க கிரேனும் வந்து வாசலில் நின்றது. கொக்கியில் கட்ட புதிய பெல்ட், அவளுக்கு உறுத்தாமல் இருக்க அதன்மேல் தலையணை உறை. எல்லாம் சரியாக இருந்தது. ஷாஹினாஸ் கிரேனை அடியில் இருந்து நுனிவரை பார்த்தாள்.

“என்னைய இதுல தூக்கி உம்மாக்க முற்றத்துல எறக்குவியளா?”

“வேற வழி இல்லல்லா, புள்ள.”

“எறக்கிட்டு? உம்மாக்க கட்டிலுக்குப் பக்கத்துல நான் இரிக்கணும். ஓட்டு வீடு. அது தாங்குமா? உம்மா கண்ண மூடுததுக்கு முன்ன, மவ வந்து வீட்ட இடிச்சத பாக்கணுமா?”

கிரேன்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு நிழலுக்குப் போனான். ஷரீஃப் அவளுக்கு எதிரே காங்கிரீட்டில் உட்கார்ந்தான். கல்யாணமான நாளில் இருந்து ஷார்ஜாவும் குளச்சலுமாக அவர்கள் வாழ்ந்த காலத்தில், எஞ்சின் எங்கே போகிறது என்று எத்தனையோ முறை கேட்டவன், அன்று முதல்முறையாக வேறு ஒன்று கேட்டான்.

“ஒனக்கு எப்பிடி இரிக்கி?”

அவள் யோசித்தாள். இத்தனை காலம் கழித்துக் கேட்கிற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள்போல நேரம் எடுத்துக்கொண்டாள்.

“மூச்சு எடுக்கணும்னாலும் ஒவ்வொரு தடவையும் நானே தூக்கணும். தானா வராது. எனக்கு மடுத்துப் போச்சு, இனி ஏலாது.”

மறுநாள் காலை அவன் நாகர்கோவிலில் பஸ் ஏறினான். குமாரதாஸ் அவனுக்காகத் தன் வேலையில் முதல்முறையாக ஒரு ரசீதைத் திருத்தியிருந்தார். “ரதீஷுக்க பேர வெட்டி உம்ம பேர எழுதியாச்சு, பாய். போய்க் கையெழுத்துப் போடும். சரக்கு உம்மது” என்று போனில் சொன்னார். ஓசூர் குடோனில் பஸ் எஞ்சின், மிளகாய் மூட்டைகளுக்கும் மடக்குக் கட்டில்களுக்கும் இடையில், காற்றுக்கு நகராமல் இருக்க ஒரு சாக்குக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. அதன் மேல்பகுதி எண்ணெய்ப் பிசுக்குப் போய்ப் பளபளப்பாக இருந்தது. காவலாளி, நல்ல தலகாணிங்க அது, கழுத்து வலியே வராது என்றார். ஷரீஃப் கையெழுத்துப் போட்டான். இரண்டு கைகளையும் எஞ்சின்மேல் வைத்து, “நான் ஏத்துக்கிட்டேன்” என்றான்.

குளச்சலில் ஷாஹினாஸ் எழுந்துவிட்டாள். எவ்வளவு வேகமாக எழுந்தாள் என்றால், பக்கத்தில் இருந்த நேசபாய் பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் கழுவி, வேறு சேலை உடுத்து, வீட்டைப் பூட்டிச் சாவியை நேசபாயிடம் கொடுத்தாள். ஆனால் ஓசூரில் எஞ்சினுக்கு எடை திரும்பவில்லை. அது காவலாளியின் தலையணையாகவே இருந்தது. ஷரீஃப் கையை எடுத்துவிட்டு நடக்கப் பார்த்தான், கால் வரவில்லை. அவள் விஷயத்தில் மாலைவரை பொறுத்த எடை அவன் விஷயத்தில் பொறுக்கவில்லை. உடனே வந்துவிட்டது. அவன் மிளகாய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினான். குமாரதாஸுக்குப் போன் செய்தபோது அவர் சொன்னார்: “வாங்கினது நீரு. ஆனா உமக்கு எஞ்சின் வேண்டாமே, பாய். வேண்டியவன் கை படாம அது எப்பிடித் திரும்பும்?”

ஷாஹினாஸ் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூப்பிட்டாள்.

“எறங்கிற்று. நான் கெளம்பிட்டேன். நீங்க எப்ப வாறிய?”

“இங்க ஒரு சின்ன வேல கெடக்கு. முடிச்சிட்டு வாறேன். நீ போ.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். போனில் அவன் மூச்சு வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தூக்கித் தூக்கி வைத்ததுபோல.

“இந்த மூச்சு எனக்குத் தெரியும்” என்றாள். “ஒங்ககிட்ட வந்துட்டா?”

“ம்.”

“நான் அங்க வரட்டா?”

“உம்மாகிட்ட போ, ஷாஹினா. நான் வச்சிரிக்கேன்.”

அவள் தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் ஏறினாள். உம்மாவின் கயிற்றுக் கட்டிலில், உம்மாவின் கால்மாட்டில், கயிறு சற்றும் தொய்யாமல் உட்கார்ந்தாள். அதன் பிறகு மார்கழி முழுவதும் அவள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. கஞ்சியை வடிகட்டிக் கரண்டியால் புகட்டினாள், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைத்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். மெலிந்து போயிருந்த கதீஜா உம்மாள் நினைவு வரும்போதெல்லாம் அவள் கையைத் தடவிப் பார்ப்பார். ஷார்ஜாவில் இருந்து வெறும் பெட்டியோடு வந்த மருமகனிடம், என்ன கொண்டுவந்தாய் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். ஒருநாள் மதியம் கண்ணைத் திறந்து கேட்டார்:

“மாப்பிள எங்க?”

“ஓசூர்ல இரிக்காரு உம்மா. லோடோட.”

“தனியாவா இரிக்கான்? நேரத்துக்குத் தின்னானா, கேட்டியா?”

“கேட்டேன் உம்மா. தின்னாராம்.”

உண்மையில் காவலாளிதான் தினமும் பக்கத்து மெஸ்ஸில் இருந்து சோறு வாங்கிவந்து கொடுத்தார். ஷரீஃப் குடோன் சுவரில் சாய்ந்து இருந்தான். பார்சல் ஆபீஸ்காரர்கள் அவனை எடுக்க ஆள் வராத சரக்குகளில் ஒன்றாக எண்ணி, துடைக்கும்போது அவனைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு வேறு வேலை இல்லாததால் பழைய சரக்குகளை நினைத்துப் பார்த்தான். தேனிக்குப் போனது, கரூருக்குப் போனது, மழையில் மூன்று நாள் விருதுநகரில் மாட்டிக்கொண்ட இரட்டை ஆக்ஸில். அது மாட்டிக்கொண்ட நாட்களில் அவள் உட்கார்ந்தபடியே ஆப்பம் சுட்டுக் கொடுத்தாள், தான் இன்னொன்று கேட்டது ஞாபகம் வந்தது. அவன் அழவில்லை. நெஞ்சை அழுகைக்குத் தூக்குவதற்குத் தெம்பு வேண்டியிருந்தது.

தை பிறந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த வேளையில், கதீஜா உம்மாள் மௌத்தானார். மய்யித்தை எடுத்துப் போகும் சந்தூக்கின் முன்காலுக்குத் தோள் கொடுக்க வேண்டிய மருமகன் ஓசூரில் இருந்தான். அவன் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்தான். ஷாஹினாஸ் போன் செய்து சொன்னாள். ஷரீஃப் காவலாளியிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு ஒளு செய்தான். தொழ வேண்டிய திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாததால், சூரியனைப் பார்த்துக் கணித்தான். நின்று தொழ வேண்டிய தொழுகையை உட்கார்ந்தே தொழுதான். அருகில் எஞ்சினை யாரும் அசைக்காமல் காவலாளி பிடித்துக்கொண்டு நின்றார்.

உம்மாவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் முடிந்ததும் ஷாஹினாஸ் குளச்சலுக்குத் திரும்பி, “இனி நீங்க வாங்க” என்றாள். வருவது சுலபமாக இல்லை. பஸ்ஸில் ஏற முடியாது. தனி லாரி பிடிக்க வழியில்லை. பார்சலாக அனுப்பலாம் என்றால், உயிருள்ளதைச் சரக்கில் எழுத முடியாது என்று ஓசூர் ஆபீஸ் சொன்னது. கடைசியில் குமாரதாஸ் குலசேகரத்தில் கேட்டு, அங்கிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வெறுமனே திரும்பும் லாரி ஒன்றை ஏற்பாடு செய்தார். காலியாக வருகிற வண்டி, டிரைவருக்கு டீசல் காசு தந்தால் போதும். குடோனில் இரும்புக் குழாய்களை உருளைகளாகப் பரப்பி, அவனை ஒரு பலகையில் உட்காரவைத்து, கடப்பாரையால் நெம்பி, ஆறேழு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். ஷார்ஜாவில் அவன் எஞ்சின்களை ஏற்றிய முறையும் அதுதான். “தலைய குனிஞ்சிக்குங்க அண்ணே” என்று மட்டும் சொன்னார்கள். பஸ் எஞ்சின் காற்றில் பறந்துவிடும் என்று டிரைவர் அதைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஷரீஃப் பின்னால் தார்ப்பாயின் கீழ், ரப்பர் வாடையில், தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளங்களையும் எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தான்.

சிலுவைமுத்து செயின் பிளாக்கில் அவனைக் காங்கிரீட் தளத்தில் இறக்கினான். ஷாஹினாஸ் வந்து எதிரே நின்றாள். தாய் போன வீட்டில் இருந்து வந்தவள், அழுது முடித்த முகம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வெகுகாலமானதுபோல இருந்தது.

“உம்மாவ எடுக்க நான் இல்லாமப் போயிட்டேன்.”

“நீங்க அங்க இரிந்ததுனாலதான் நான் உம்மாகிட்ட இரிந்தேன்” என்றாள் அவள். பிறகு குனிந்து அவன் தோளில் கை வைத்தாள்.

அவன் கையைத் தட்டிவிட்டான். “வேண்டாம். இது ஒனக்குத் தர மாட்டேன்.”

“முழுசும் ஆரு கேட்டா? பாதி தாங்க. நீங்களும் எந்திக்கணும், நானும் ஒல வைக்கணும்.”

அவன் அவள் கையை எடுத்துத் தன் தோளில் திரும்ப வைத்து, பாதியைக் கொடுத்தான். அன்றுவரை எடையைப் பிரிக்க முடியும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பாதி எடையோடு அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். அவள் மறுபாதியோடு அடுக்களைக்குப் போனாள். இருவருக்கும் கனமாகத்தான் இருந்தது. சோறு அஸருக்குப் பிறகுதான் வெந்தது.

பஸ் எஞ்சின் கடை வாசலில் கயிறு கட்டிக் கிடந்தது. மாசி மாதத்தில் மணவாளக்குறிச்சிக்கு அப்பால் கடற்கரையில் இருந்து பெனின் என்ற படகுக்காரன் வந்தான். அவன் விசைப்படகின் எஞ்சின் நடுக்கடலில் பிளந்து, இன்னொரு படகு அவனை இழுத்து வந்து கரையில் விட்டிருந்தது. படகில் வேலை செய்தவர்கள் எல்லாம் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். “பஸ் எஞ்சினானாலும் செரி, கடலுக்கு மாத்தி எடுப்பேன். இது எனக்கு வேணும் பாய், இல்லன்னா வீட்ல அடுப்பெரியாது” என்று அவன் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான். தரை அதிர்ந்தது. எஞ்சின் மண்ணில் அரையடி இறங்கியது. பெனின் காலை நகர்த்தி நின்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோக கிரேன் வரவேண்டியிருந்தது. வந்த கிரேன்காரன் முன்பு வந்தவனேதான், இந்த முறை வாடகை வாங்கிக்கொண்டு போனான். ஷரீஃப்பும் ஷாஹினாஸும் உள்ளே போய்ப் படுத்தார்கள். அஸர் பாங்கு கேட்கவில்லை, மகரிபும் கேட்கவில்லை. நேசபாய் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தூங்கட்டும் என்று போய்விட்டாள்.

தொழிலை அவர்கள் விடவில்லை. விட்டுவிட்டு என்ன செய்வது? அனுப்புவதற்கு முன்னால் வாங்குகிறவனைப் போனில் கூப்பிட்டு, உனக்கு இது கட்டாயம் வேண்டுமா என்று ஷரீஃப் இருமுறை கேட்கிறான். பார்க்கலாம் என்று சொல்பவனுக்கு அனுப்புவதில்லை. ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கை வைக்கிறார்கள். எடை பாதிப்பாதியாக வருகிறது. சில நாட்களில் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, அவள் அதைக் கண்டுபிடித்துத் திட்டுகிறாள்.

கதீஜா உம்மாளின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அவர்கள் போனபோது, கரூருக்கு ஒரே கட்டாக அனுப்பிய கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் வழியில் இருந்தன. குளச்சல் பஸ் ஸ்டாண்டில் ஷாஹினாஸ் ஏறியதும் படி தணிந்தது, ஷரீஃப் ஏறியதும் இன்னும் கொஞ்சம் தணிந்தது. கண்டக்டர் படியைப் பார்த்தார், அவர்கள் கையைப் பார்த்தார். இருவர் கையிலும் ஒன்றும் இல்லை.

“லக்கேஜ் எங்க?”

“கரூருக்குப் போய்க்கிட்டிரிக்கி” என்றான் ஷரீஃப்.

கண்டக்டர் தலையாட்டினார். இரண்டு டிக்கெட்டோடு இரண்டு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே சீட்ல இரிக்காதீங்க. அக்கா இந்தப் பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். வண்டி சாயும்” என்றார். அவர்கள் நடுவழிக்கு இருபுறமும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். கருங்கல் வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள். பஸ் எந்தப் பக்கமும் சாயாமல் போயிற்று.